நாணயமற்ற நாணய வியாபாரம்

ஆலைத் தொழிலாளியின் வீட்டிலும் விவசாயக் கூலியின் குடிசையிலும் இன்று ஒரு ஆசை விதைக்கப்படுகிறது. “பழைய 5 ரூபாய் நாணயம் இருக்கிறதா? பல லட்சம் தருகிறோம்” என்று கைபேசியிலே செய்தி வருகிறது. நம்பிப் பேசினால் முதலில் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள், பிறகு கமிஷன், பிறகு வரி. கட்டக் கட்டக் கேட்பார்கள். லட்சம் வராது, கையிலிருந்த கூலிக் காசும் போய்விடும்.

ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும்கூட இந்த மோசடிக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமில்லை, கட்டணமோ கமிஷனோ வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

அரிய நாணயத்துக்கு விலையே இல்லையா? உண்டு. அமெரிக்காவில் 1933-ல் அடித்த 20 டாலர் தங்க நாணயம் ஒன்று, 2021 ஜூனில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அதிலுள்ள தங்கம் சுமார் 30 கிராம். அன்றைய விலையில் 2,000 டாலர்கூடத் தேறாது. மீதி விலை எதற்கு? அந்த ஆண்டு அடித்த 4,45,500 நாணயங்கள் புழக்கத்துக்கு விடப்படவில்லை; அநேகமாக எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். தப்பியவை மிகச் சில. கிடைக்காத பொருளுக்குக் கோடீசுவரன் கொடுத்த விலை அது. கோடிக்கணக்கில் அடித்து விட்ட நம் 5 ரூபாய்க்கு அந்த விலையை யார் கொடுப்பான்?

தங்க நாணயம் வாங்கிச் சேமிப்பது வேறு விஷயம். நாம் ‘சவரன்’ என்பதே பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயர்தான்; 22 காரட், ஏறக்குறைய 8 கிராம். 1918-ல் பம்பாயிலும் அதை அடித்தார்கள். மகள் கல்யாணத்துக்கும் வேலையில்லாத நாளுக்கும் ஒரு கிராமாவது சேர்க்க நினைக்கும் தாய்மாரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது தங்கத்தின் விலையோடு செய்கூலி உண்டு. 3 சதவீத ஜி.எஸ்.டி. வரி உண்டு. விற்கும்போது இரண்டும் திரும்பி வராது. நாணயம் சிறிதாக இருந்தால் கிராமுக்கு விழும் கூலி அதிகம். வங்கியில் வாங்கினால், விற்ற வங்கியே அதைத் திரும்ப வாங்காது. ஆகவே இன்று வாங்கி அடுத்த மாதம் அவசரத்துக்கு விற்பவன் நஷ்டப்படுவான். வட்டிக்குக் கடன் வாங்கித் தங்கம் வாங்குபவன் இரண்டு பக்கமும் அறுபடுவான்.

எனவே நாம் சொல்வது இதுதான்: மிச்சப் பணத்தில் மட்டும் வாங்குங்கள். எடையும் தரமும் எழுதிய ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். பழைய நாணயத்துக்கு லட்சம் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவனுக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் எச்சரிக்கை சொல்லுங்கள்.

நோய்க்கும் முதுமைக்கும் ஒரு பொட்டுத் தங்கமே கதி என்று உழைப்பாளி தவிக்கும் வரை, அந்தத் தவிப்பை வைத்து ஏமாற்றுபவர்களும் இருப்பார்கள். நியாயமான கூலியும் ஓய்வூதியமும் கிடைத்தால்தான் அந்தத் தவிப்பு தீரும். அதை எந்த ஏலக்காரனும் தரமாட்டான். நாம் ஒன்றுசேர்ந்துதான் பெறவேண்டும்.