அனுப்புவோரின் பொறுப்பு

காலை ஒன்பது மணிக்கு அலுவலகக் கணினியைத் திறக்கும் ஊழியரின் முன்னால் முதலில் வந்து நிற்பது வேலை அன்று. வேலையைப் பற்றிய தகவல்களே. இரவில் வந்த மின்னஞ்சல்கள், மூன்று வாட்ஸ்அப் குழுக்களின் செய்திகள், நேற்றைய கூட்டத்தின் குறிப்பு, அக்குறிப்புக்கு ஒரு திருத்தம், அத்திருத்தத்திற்கு நால்வர் அனுப்பிய ‘நன்றி’. இவற்றையெல்லாம் கடந்து, அன்று முடிக்கவேண்டிய அறிக்கையைக் கையில் எடுக்கும்போது மணி பத்தரை ஆகிவிடுகிறது. கணக்காய்வாளர், பொறியாளர், ஆசிரியர் என அறிவுசார்ந்த பணிகளில் இருக்கும் பலருக்கும் இது பழகிப்போன காட்சி.

இந்தச் சிக்கலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வுகள் பெரும்பாலும் தகவலைப் பெறுபவரை நோக்கியே சொல்லப்படுகின்றன. அறிவிப்பு ஒலியை நிறுத்திவையுங்கள். மின்னஞ்சலை ஒரு நாளில் இரண்டு முறை மட்டும் பாருங்கள். கைத்தொலைபேசியை வேறோர் அறையில் வையுங்கள். இந்த அறிவுரைகளில் பயன் உண்டு. ஆனாலும், தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, தரையை இன்னும் வேகமாகத் துடைக்கச் சொல்வதைப் போன்றவை அவை. தகவல் மிகையைக் குறைக்கும் பொறுப்பு முதலில் அனுப்புவோரையே சேரும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சுட்டிக்காட்டியவர் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன். 1978இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற அவர், 1971இல் வெளிவந்த கட்டுரையொன்றில் அமெரிக்க வெளியுறவுத் துறையைப் பற்றிய ஒரு செய்தியை எடுத்துக்காட்டினார். உலகின் ஏதாவதொரு மூலையில் நெருக்கடி ஏற்பட்டால், அத்துறைக்குத் தந்திகள் வந்து குவியும். நிமிடத்திற்கு 100 சொற்களை மட்டுமே பெறக்கூடிய பழைய தொலை அச்சு இயந்திரங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே, நிமிடத்திற்கு 1,200 வரிகளைப் பெறக்கூடிய கணினி அமைப்பு வாங்கப்பட்டது. தேக்கம் தீர்ந்துவிடும் என்று அதிகாரிகள் நம்பினார்கள்.

சைமன் கேட்டது எளிய கேள்வி. அத்தனை வரிகளையும் படிக்கப்போவது யார்? இயந்திரத்தின் வேகம் கூடியது. படிக்கும் மனிதரின் வேகம் கூடவில்லை. தகவல் இலவசமாக வருவதாகத் தோன்றினாலும், அது படிப்பவரின் கவனத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது என்பதுதான் அவருடைய வாதம். இன்றைய அலுவலகங்கள் அந்த வெளியுறவுத் துறை செய்ததையே இன்னும் மலிவாகவும் விரைவாகவும் செய்கின்றன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊழியர் ஒரு நிமிடத்தில் தெளிவில்லாத அறிவிப்பொன்றை எழுதி 60 பேருக்கு அனுப்புகிறார். அதைப் படித்து, தமக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கண்டறிய ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் ஆகிறது. அனுப்பியவருக்கு ஆன செலவு ஒரு நிமிடம். மற்றவர்களுக்கு ஆனதோ இரண்டு மணி நேரம். ஆனால், அந்த இரண்டு மணி நேரம் எவருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை. அத்துடன், ஒருமுறை சிதறிய கவனம் உடனே திரும்புவதும் இல்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க், மக்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் கவனம் செலுத்துகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாக அளந்து வந்தார். 2004இல் அது சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்தது. அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 47 வினாடியாகக் குறைந்துவிட்டது.

‘தகவலை அனுப்பாமல் விடுவதைவிட, எல்லாருக்கும் அனுப்பிவிடுவது பாதுகாப்பு அல்லவா?’ என்று சிலர் கேட்கக்கூடும். மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமாகத் தோன்றும். ஆனால், இங்கே யாருக்குப் பாதுகாப்பு என்பதைக் கவனிக்கவேண்டும். ‘நான்தான் முன்பே அனுப்பிவிட்டேனே’ என்று பின்னால் சொல்வதற்காகவே பல மின்னஞ்சல்களின் நகல் பத்துப் பேருக்குப் போகிறது. அது அனுப்பியவரைக் காப்பாற்றும், வேலையைக் காப்பாற்றாது. தேவையற்ற இருபது செய்திகளுக்கு நடுவே வரும் முக்கியமான ஒன்றைப் படிப்பவர் தவறவிட்டால், தவறு அவருடையது மட்டும்தானா?

இந்தக் கேள்விக்கு விமானத் துறை தெளிவான விடை கண்டிருக்கிறது. 1974இல் அமெரிக்காவின் சார்லட் நகருக்கு அருகே, பனிமூட்டத்தில் தரையிறங்க முயன்ற பயணிகள் விமானம் ஒன்று விபத்துக்குள்ளானது. தரையிறங்கும் நேரத்தில் விமானிகள் பணிக்குத் தொடர்பில்லாத பேச்சில் ஈடுபட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. 1981இல் அந்நாட்டில் ஒரு விதி நடப்புக்கு வந்தது. விமானம் புறப்படும்போதும் தரையிறங்கும்போதும், பொதுவாக 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், விமானி அறையில் பாதுகாப்புக்குத் தேவையற்ற பேச்சும் செயலும் கூடா. அவ்விதி விமானிகளை மட்டும் கட்டுப்படுத்தவில்லை என்பதே இங்குக் குறிப்பிடத்தக்கது. அந்த நேரத்தில் தேவையற்ற வேலை எதையும் விமானிகளிடம் ஒப்படைக்கக் கூடாது என்று விமான நிறுவனத்தையும் அது தடுக்கிறது. ‘கவனமாக இருங்கள்’ என்று விமானிக்கு அறிவுரை சொல்வதோடு அது நிற்கவில்லை. அவருடைய கவனத்தைக் கலைக்கக்கூடியவர்களின் கையையும் கட்டியது.

பிரான்ஸில் 2017 முதல், வேலை நேரத்திற்குப் பிறகு மின்னஞ்சல் போன்றவற்றிலிருந்து விலகியிருக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. வரவேற்கத்தக்க சட்டந்தான். எனினும், மாலை ஆறு மணிக்கு மேல் கிடைக்கும் அமைதி, காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை நடப்பதைச் சரிசெய்துவிடாது.

தமிழ் மாணவர்களுக்கு இது புதிய கருத்து அன்று. திருக்குறளின் இருபதாம் அதிகாரம் ‘பயனில சொல்லாமை’. அதன் பத்துக் குறள்களும் பயனற்ற பேச்சைக் கேட்பவர் எப்படித் தப்பிப்பது என்று ஆராயவில்லை, சொல்பவரை நோக்கித்தான் பேசுகின்றன.

பள்ளிக் குழுப்பணியிலும் இதே நிலைதான். ஐந்து மாணவர்கள் சேர்ந்து ஓர் ஒப்படைப்பைச் செய்யும்போது, அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரே மாலையில் இருநூறு செய்திகள் சேர்ந்துவிடும். அவற்றுள் பாதி ஒட்டுப்படங்கள். சந்திப்பு நான்கு மணிக்குப் பதிலாக மூன்று மணிக்கு மாறியது என்ற செய்தி நடுவில் எங்கோ கிடக்கும். மறுநாள் தாமதமாக வருபவரைத்தான் மற்ற நால்வரும் கடிந்துகொள்வார்கள். யார், எதை, எப்போதுக்குள் செய்யவேண்டும் என்பதைத் தனியாக ஒரே செய்தியில் எழுதி அனுப்பியிருந்தால், அந்தத் தாமதமே நேர்ந்திருக்காது.

இதில் பள்ளிக்கும் ஒரு பங்கு உண்டு. தேர்வில் மின்னஞ்சலோ கட்டுரையோ எழுதும் மாணவர்களுக்குக் குறைந்தபட்சச் சொல் எண்ணிக்கை ஒன்று தரப்படுகிறது. அதை எட்டுவதற்காக ஒரே கருத்தை மூன்று விதமாக நீட்டி எழுதும் வித்தையை அவர்கள் நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். அதிகபட்ச எண்ணிக்கை அவர்களுக்கு அரிதாகத்தான் தரப்படுகிறது. வகுப்பில் ஒருநாள், 120 சொற்கள் கொண்ட கற்றுலா அறிவிப்பொன்றைக் கொடுத்து, அதை 30 சொற்களில் எழுதச் சொல்லலாம். கூடவே, அது யார் யாருக்குப் போகவேண்டும், யாருக்குத் தேவையில்லை என்ற பட்டியலையும் கேட்கலாம். புறப்படும் நேரத்தை எந்த மாணவரும் நீக்கமாட்டார். உணவைப் பற்றிய குறிப்பை நீக்கலாமா, கூடாதா என்பதில்தான் வகுப்பு இரண்டாகப் பிரியும்.