கோரிக்கை மனு: கரையோரப் பாடசாலைகளில் கொடைநிதி உணவுத் திட்டங்களின் பலனை அளவிடும் முறை குறித்து

அனுப்புநர்: கற்பிட்டி, புத்தளம், முந்தல் பகுதிக் கரையோரப் பாடசாலைகளின் பெற்றோர் சங்கம்.
பெறுநர்: வலயக் கல்விப் பணிப்பாளர்கள், புத்தளம் மற்றும் சிலாபம்.
பிரதிகள்: மாகாணக் கல்விப் பணிப்பாளர், வடமேல் மாகாணம்; மாவட்டச் செயலாளர், புத்தளம்; பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிகள்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

2024 மார்ச் 25 முதல் நாடெங்கும் தரம் 1 தொடக்கம் 5 வரையுள்ள சுமார் 16 இலட்சம் பிள்ளைகளுக்கு அரசாங்கம் பாடசாலையில் உணவு வழங்கி வருகிறது. அதற்கு எங்கள் நன்றி. ஆனால் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்துத் தரம் 6க்கு ஏறும் பிள்ளைக்கு அத்துடன் பசி நின்றுவிடுவதில்லை. அந்த வகுப்புகளில் அவித்த கவுப்பியோ ஒரு பிடி சோறோ கிடைக்கிறது என்றால், அது பெரும்பாலும் ஒரு தொண்டு நிறுவனத்தின் கொடைநிதியாக இருக்கும். அல்லது வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் அனுப்பிய காசு, பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களின் உதவி. இம்மனு அந்தத் திட்டங்களைப் பற்றியது. கூடுதல் பணம் கேட்டு இதை எழுதவில்லை. வந்த பணம் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதைக் கண்டறிய ஒரு முறை வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

நிவாரணம் இக்கரைக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் உலர் உணவு வாங்கி வாழ்ந்த மண் இது. எத்தனை மூட்டை அரிசி வந்தது, யார் கையெழுத்து வைத்தார் என்பதற்கெல்லாம் அப்போதும் பதிவிருந்தது. அந்த அரிசி எத்தனை பிள்ளைகளைப் பாடசாலையில் நிறுத்தி வைத்தது என்று எவரும் எங்களிடம் கேட்டதில்லை. இன்றும் அப்படித்தான். கொடையாளருக்குப் போகும் அறிக்கையில் தட்டுகளின் எண்ணிக்கை இருக்கும், பற்றுச்சீட்டு இருக்கும், பதாகைக்கு முன்னால் தட்டைப் பிடித்தபடி நிற்கும் பிள்ளைகளின் படம் இருக்கும். (அந்தப் படத்துக்குப் பயந்தே பதினைந்து வயதுப் பிள்ளை வரிசையில் நிற்க மறுக்கிறது. அதை எந்த அறிக்கையிலும் காணோம்.)

எங்கள் பிள்ளைகள் சிலர் படிக்கும் ஒரு பாடசாலையில், உணவு தொடங்கியதும் மாணவர் வரவு உயர்ந்ததாக எழுதினார்கள். எழுதியது பொய்யல்ல. ஆனால் உணவு தொடங்கிய மாதம் ஒக்டோபர். கச்சான் காற்று அடங்கிக் கடல் திறக்கும் மாதம் அது. மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளித்துக் கிடக்கும். போட் கரையில் ஏறியிருக்கும். வீட்டில் அடுப்பு ஒரு நேரம்தான் எரியும். சில குடும்பங்கள் கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிச் செல்கின்றன. ஒக்டோபரில் எல்லோரும் திரும்புகிறார்கள். அப்போது உணவே கொடுக்காத பாடசாலையிலும் வரவு ஏறத்தான் செய்யும். எது கவுப்பியால் வந்தது, எது கடலால் வந்தது என்று அந்த அறிக்கையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே எங்கள் முதற் கோரிக்கை, ஒரு தவணையை முந்திய ஆண்டின் அதே தவணையுடன்தான் ஒப்பிட வேண்டும் என்பது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறையால் தவணைக் காலம் வேறுபடும்; அவற்றைத் தமிழ், சிங்களப் பாடசாலைகளுடன் மாதத்துக்கு மாதம் ஒப்பிடக்கூடாது. அடுப்பு மூட்டுவதற்கு முன்னரே ஒரு தவணைக்கான கணக்கை எடுத்து வைத்திருக்க வேண்டும். நிதி பத்துப் பாடசாலைகளில் ஐந்துக்கு மட்டுமே போதுமென்றால், எந்த ஐந்து முதலில் என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கோ அரசியல்வாதியின் தொலைபேசிக்கோ விடாமல், பெற்றோர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். மற்ற ஐந்து அடுத்த ஆண்டு சேரட்டும். அதுவரை அவையே ஒப்பீட்டுக்கு உதவும். யாருக்கும் மனத்தாங்கலும் வராது.

இரண்டாவது விடயம் சற்று நுணுக்கமானது. வரவுப் பதிவேடு காலையில் குறிக்கப்படுகிறது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையும் அதில் வந்த பிள்ளைதான். இடைவேளை மணி அடித்த பின் மதிலேறி மீன் வாடிக்கோ இறங்குதுறைக்கோ போய்விட்டவனை அந்தப் பதிவேடு அறியாது. வாரத்தில் இரு நாள், முன்னறிவிப்பில்லாமல், இடைவேளைக்குப் பிந்திய பாடத்தில் தலை எண்ணிக்கை எடுங்கள். காலைக் கூட்டத்தில் மயங்கி விழுவோரையும் ஒரு கொப்பியில் குறியுங்கள்; பெயர் வேண்டாம், தரமும் திகதியும் போதும்.

உடல்நிலையை அளக்கப் புதிய தராசு எதுவும் வாங்க வேண்டியதில்லை. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் தரம் 7, தரம் 10 மாணவர்களின் உயரமும் நிறையும் ஏற்கெனவே எடுக்கப்படுகின்றன. உணவு பெறும் பாடசாலை, பெறாத பாடசாலை என்று பிரித்து, பெயர்களை நீக்கிய தொகுப்பை ஆண்டுதோறும் கல்விப் பணிமனைக்குத் தருமாறு சுகாதார வைத்திய அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

சாதாரண தரப் பெறுபேற்றை வைத்து ஓராண்டில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போன பாடசாலையில் எத்தனை பருப்புக் கறி வைத்தாலும் கணிதப் புள்ளி ஏறாது.

தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டே ஆண்டுகளில், 1984இல், 15 வயது வரையுள்ள மாணவருக்கும் விரிந்தது. அங்கே 2022 செப்டெம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்தபோது, 1,543 பாடசாலைகளில் 1,319இல் வரவு உயர்ந்திருந்தது. தொடக்கப் பள்ளிகளின் கணக்கு அது. ஆயினும் பாடசாலை வாரியாகப் பார்த்ததால்தான், வரவு உயராத 224 பாடசாலைகள் இருப்பதும் தெரியவந்தது. எங்களுக்கு அந்த 224 போன்றவற்றின் கதைதான் வேண்டும்.

ஏனென்றால் இங்கே பிள்ளை பாடசாலைக்கு வராததற்குக் காரணம் எப்போதும் உணவின்மை மட்டுமல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முந்திய மாதம், போட்டுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது. கடலுக்குப் போக முடியாத தகப்பன், கிடைத்த கூலி வேலைக்கு மகனையும் கூட்டிப் போனான். அப்படி விலகியவனைத் திரும்ப அழைக்க ஒரு தட்டுச் சோறு போதுமா, பஸ் கட்டணமும் தேவையா என்பது அளந்தால்தான் தெரியும்.

மேலும் சில: உணவு வேண்டியோர் பட்டியலைத் தனியாக ஒட்டாமல் வகுப்பு முழுவதற்கும் கொடுக்க வேண்டும், பிள்ளைகளின் முகம் தெரியும் படம் எடுக்கக்கூடாது, அறிக்கை ஆங்கிலத்தில் கொடையாளருக்கு மட்டும் போகாமல், தமிழிலும் சிங்களத்திலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும், நிதி முடிவதானால் ஒரு முழுத் தவணைக்கு முன் அறிவிக்க வேண்டும். தவணை நடுவில் சமையலறை பூட்டப்பட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அளக்கும் வேலைக்குக் கொடைநிதியில் நூற்றுக்கு ஐந்து ரூபாவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டுகிறோம்; அதற்கு மேல் போனால் அது பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்ததாகிவிடும்.

அளந்த பின் பலனில்லை என்று தெரிந்தால் அதையும் மறைக்காமல் எழுதித் தாருங்கள். அந்தப் பணத்தை வேறு எதற்குக் கேட்கலாம் என்று நாங்கள் கூடிப் பேசுவோம்.

இவை பற்றிக் கலந்துரையாட, அடுத்த தவணை தொடங்குமுன் ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். வெள்ளிக்கிழமை தவிர்ந்த ஒரு நாளின் பிற்பகல் எங்களுக்கு வசதி. காலையில் போட் கரைக்கு வரும் நேரம், தகப்பன்மார் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் சார்பில்
தலைவர், செயலாளர், பெற்றோர் பிரதிநிதிகள்