ஆளை மாற்றினால் போதுமா? கணக்கை மாற்றுவது எப்போது?

வரி கட்டாதவர்களுக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லை என்று ஒரு பேச்சு சில காலமாக நாட்டில் உலவி வருகிறது. இலவசம் வாங்குகிறவர்கள், மானியத்தில் வாழ்கிறவர்கள் என்று ஏழை எளிய மக்களை ஏசுவதற்கு இந்தப் பேச்சு நன்றாகப் பயன்படுகிறது. வருமான வரி கட்டுகிற சிலர் மட்டுமே தேசத்தைத் தாங்கி நிற்கிறார்கள், மற்றவர்கள் எல்லாம் அவர்கள் தோளில் ஏறிச் சவாரி செய்கிறார்கள் என்பதே இதன் சாரம்.

இந்தப் பேச்சை எங்கோ வைத்து ஆராய வேண்டாம். சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில், ஹூண்டாய் கார் தொழிற்சாலை நிற்கும் இருங்காட்டுக்கோட்டையில் வைத்து ஆராய்வோம். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நீளும் தொழில் வட்டாரத்தில் பல்லாயிரம் பேர் உழைக்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி, டிரெய்னி, அப்ரண்டிஸ் என்று அவர்களுக்குப் பல பெயர்கள். ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் எட்டுப் பேராகப் படுத்துறங்கும் வாலிபர்களும் அவர்களில் உண்டு. இவர்கள் வரி கட்டுகிறார்களா, இல்லையா?

யார் கட்டுகிறார்கள்?

2017 ஜூலை 1ந் தேதி சரக்கு-சேவை வரி அமுலுக்கு வந்தது. அன்று முதல் இந்தத் தொழிலாளி குளிக்கும் சோப்புக்கு 18 சதவிகிதம், பல் துலக்கும் பேஸ்ட்டுக்கு 18 சதவிகிதம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு 18 சதவிகிதம், டீயோடு கடிக்கும் பிஸ்கெட்டுக்கு 18 சதவிகிதம். 2022 ஜூலை 18 முதல் பொட்டலம் கட்டி முத்திரை குத்திய அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் 5 சதவிகிதம் விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22ல் சோப்பு, பேஸ்ட், பிஸ்கெட் மீதான வரியை 5 சதவிகிதமாகக் குறைத்தபோது, அதைப் பண்டிகைப் பரிசு என்று தம்பட்டம் அடித்தார்கள். எட்டு வருஷம் மக்களிடமிருந்து எடுத்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை. எடுத்தது கடமை, விட்டது தருமம் என்று கணக்கு!

பெட்ரோல் கதையும் இதுவே. 2020ல் கொள்ளை நோயும் ஊரடங்கும் மக்களை வாட்டிய அதே மாதங்களில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. விலைச் சரிவின் பலன் மக்களுக்கு வந்ததா? இல்லை. மத்திய சர்க்கார் பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு ரூ.19.98லிருந்து ரூ.32.98 ஆக உயர்த்தி, அந்தப் பலனைக் கஜானாவுக்குத் திருப்பிவிட்டது.

இந்த வரிகள் சம்பளத்தைக் கேட்டு வருவதில்லை. லட்சாதிபதி வாங்கும் சோப்புக்கும், நாள் கூலிக்காரன் வாங்கும் சோப்புக்கும் ஒரே வரி. முன்னவனுக்கு அது தூசு. பின்னவனுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. சரக்கு-சேவை வரி, பொருள் எங்கே தயாராகிறதோ அந்த மாநிலத்துக்குச் சேருவதில்லை. எங்கே விற்பனையாகி நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குச் சேருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார் லக்னோவில் விற்றால் மாநிலப் பங்கு உத்தரப் பிரதேசத்துக்கு. கப்பலேறி வெளிநாடு போனால் ஏற்றுமதி என்று வரியே இல்லை. ஆனால் அந்தக் காரைச் செய்த தொழிலாளி ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் வாங்கும் பேஸ்ட்டின் வரி, தமிழ்நாட்டுக் கஜானாவுக்கும் டில்லிக் கஜானாவுக்கும் தவறாமல் போய்ச் சேருகிறது. இங்கே வாக்குரிமை இல்லாத பீகார் வாலிபனின் வரியும் அப்படியே. கஜானாவை நிரப்புவது யார் என்று இப்போது தெரிகிறதா?

டில்லியின் கணக்கையும் பாருங்கள். 2025-26 பட்ஜெட்டில் சர்க்காரின் கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் தனி நபர் வருமான வரி 22 காசு, சரக்கு-சேவை வரி 18 காசு என்றும், கம்பெனிகள் கட்டும் வரி 17 காசு என்றும் சர்க்காரே அச்சிட்டது. இது தானாக நேர்ந்ததல்ல. 2019 செப்டம்பர் 20ல் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன், கம்பெனிகளின் அடிப்படை வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாகவும், புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவிகிதமாகவும் வெட்டினார். வருஷத்துக்கு ரூ.1,45,000 கோடி போகும் என்று அவரே சொன்னார். 1957ல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரியாக இருந்தபோது வந்த சொத்து வரியை, 2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி ஒழித்துக் கட்டினார். இருப்பவனுக்கு விலக்கு, இல்லாதவனுக்கு வசூல்!

கட்டியது எங்கே போகிறது?

வசூலித்ததாவது மக்களுக்குத் திரும்பி வருகிறதா? இந்த வட்டாரத்தின் சரித்திரம் என்ன சொல்கிறது?

1996ல் ஹூண்டாயுடன் ஒப்பந்தம். 2005ல் நோக்கியாவுடன் ஒப்பந்தம். 2008ல் ரெனோ-நிஸானுடன் ஒப்பந்தம். நிலம், தண்ணீர், மின்சாரம், சாலை என்று சலுகைகளின் பட்டியல் நீளும். அவற்றில் மிகவும் விசித்திரமானது விற்பனை வரியைத் திருப்பித் தரும் சலுகை.

இது நடக்கும் விதத்தை விளக்குவோம். பொருளை வாங்குகிறவன் விலையோடு வரியையும் கொடுக்கிறான். அந்த வரி கம்பெனியின் பணமல்ல. மக்களிடம் வசூலித்துச் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டிய பணம். அதைச் சர்க்கார் வாங்கி, ஊக்கத்தொகை என்று பெயர் சூட்டிக் கம்பெனிக்கே திருப்பிக் கொடுக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று நினைத்து மக்கள் கட்டிய வரி, கம்பெனியின் பெட்டிக்குள் போகிறது.

இது தவறு என்பது ஆட்சியாளர்களுக்குத் தெரியாததல்ல. மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு விற்பனை வரியைத் தியாகம் செய்வதால் எல்லாக் கஜானாவும் காலியாகிறது என்று கண்டு, 1999 நவம்பர் 16ல் முதன்மந்திரிகளும் நிதி மந்திரிகளும் கூடி, 2000 ஜனவரி 1 முதல் இந்தச் சலுகைகளை நிறுத்துவதென்று தீர்மானித்தார்கள். தீர்மானத்தின் மை காய்ந்தது. சலுகை வேறு பெயரில் வந்தது. நோக்கியாவும் நிஸானும் அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் வந்தவையே.

விளைவு என்ன? ஊக்கத்தொகை பாக்கி ரூ.2,900 கோடி, நஷ்டஈடு ரூ.2,100 கோடி, வட்டி தனி என்று நிஸான் கம்பெனி கணக்குப் போட்டது. 2016ல் பிரதம மந்திரிக்கே நோட்டீஸ் அனுப்பியது. ஜப்பானோடு நாம் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையைக் காட்டி, இந்திய சர்க்காரைச் சர்வதேச மத்தியஸ்தத்துக்கு இழுத்தது. 2020ல் விவகாரம் சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 2018 ஜனவரியில், சர்க்கார் பஸ் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களிடம் நிதி நெருக்கடி என்று சர்க்கார் கையை விரித்தது. பஸ் ஓட்டுகிறவன் கேட்டால் நெருக்கடி, கார்க் கம்பெனி கேட்டால் ஒப்பந்தம்!

நோக்கியாவின் கதையை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. சலுகைகளை அனுபவித்த அந்தக் கம்பெனி மீது 2013ல் வருமான வரித்துறை சுமார் ரூ.2,000 கோடி பாக்கி என்று நடவடிக்கை எடுத்தது. 2014ல் மாநில சர்க்காரும் விற்பனை வரி பாக்கி என்று சுமார் ரூ.2,400 கோடி கேட்டது. கம்பெனி மறுத்துக் கோர்ட்டுக்குப் போனது. அதே வருஷம் நோக்கியாவின் செல்போன் வியாபாரத்தை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையை மட்டும் விட்டுவிட்டது. 2014 நவம்பர் 1ந் தேதி தொழிற்சாலை மூடப்பட்டது. வருமான வரி வழக்கு 2018ல் இரு நாட்டு அதிகாரிகள் பேச்சுவார்த்தையில் தீர்ந்தது. ஆனால் வேலை இழந்த ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு, அவர்களில் பெரும்பாலோரான இளம் பெண்களுக்கு, எந்தப் பேச்சுவார்த்தையில் தீர்வு கிடைத்தது? கம்பெனிக்கு வரி என்றால் கோர்ட்டும் தவணையும் சமரசமும் உண்டு. தொழிலாளியின் வரியோ சோப்பின் உறையைப் பிரிக்கும் முன்பே வசூலாகிவிடுகிறது.

கொடி மாறியது, கணக்கு மாறவில்லை

1996ல் தி.மு.க., 2005ல் அ.தி.மு.க., 2008ல் மீண்டும் தி.மு.க. உலக முதலீட்டாளர் மாநாடு 2015ல் நடந்தது, 2019ல் நடந்தது, 2024 ஜனவரியில் நடந்தது. கடைசி மாநாட்டில் மட்டும் ரூ.6,64,180 கோடிக்கு உடன்படிக்கைகள் என்று அறிவித்தார்கள். மேடையில் இருந்தவர்கள் மாறினார்கள். கோப்பில் இருந்தது மாறவில்லை. எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு, எத்தனை நிரந்தர வேலைக்கு ஈடாக என்ற விவரத்தை மக்கள் முன் வைக்கும் தைரியம் இரு தரப்புக்கும் வரவில்லை.

இதே காலத்தில் மக்களுக்குக் கிடைத்தது என்ன? 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வு. 2022 செப்டம்பரில் மின்கட்டண உயர்வு. பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைக்காரர்கள் மின்சாரத்தின் நிலைக்கட்டணம் தாங்காமல் 2023 செப்டம்பர் 25ல் ஒரு நாள் கதவடைப்பே நடத்தினார்கள். புதிதாக வரும் பெரிய கம்பெனிக்கு மின்சார வரி விலக்கு. பழைய சிறு பட்டறைக்கு நிலைக்கட்டணம்! அதிருப்தி ஏன் வராது?

ஒரு தீவின் பாடம்

அதிருப்தி முற்றினால் என்ன நடக்கும் என்பதை, நம் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு சிறு தீவு காட்டியது. இலங்கையில் 2019 நவம்பரில் ஜனாதிபதியான கோத்தபாய ராஜபக்ச, வந்த வேகத்தில் வரிகளை வெட்டினார். மதிப்புக்கூட்டு வரி 15லிருந்து 8 சதவிகிதமாயிற்று. கம்பெனி வரி 28லிருந்து 24 சதவிகிதமாயிற்று. 2020 அக்டோபரில் இறக்குமதிச் சர்க்கரை மீதான வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக, அதாவது கால் ரூபாயாகக் குறைத்தார்கள். கடையில் சர்க்கரை விலை இறங்கவில்லை, இறக்குமதியாளர்களுக்குத்தான் லாபம்.

கஜானா வறண்டது. 2022 ஏப்ரல் 12ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று சர்க்கார் அறிவித்தது. பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் மைல் கணக்கில் வரிசை. ஜூலை 9ந் தேதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். அவர் நாட்டை விட்டு ஓடி, 14ந் தேதி ராஜினாமாச் செய்தார்.

ஆனால் பாடம் இத்துடன் முடியவில்லை. ஆள் போனார், கணக்கு இருந்தது. பணக்காரர்களுக்குக் கொடுத்த சலுகையால் விழுந்த பள்ளத்தை யார் தலையில் மண் சுமத்தி நிரப்பினார்கள்? லிட்டர் 87 ரூபாய்க்கு விற்ற மண்ணெண்ணெய், 2022 ஆகஸ்டில் 340 ரூபாய் ஆயிற்று. மலையகத் தோட்ட லயன்களின் அடுப்பும் யாழ்ப்பாணத்து மீனவரின் படகும் அதில்தான் ஓடின. சர்வதேச நிதி நிறுவனத்தின் கடனுக்குப் பின் 2024 ஜனவரி 1 முதல் மதிப்புக்கூட்டு வரி 18 சதவிகிதம். அதே வருஷம் நடந்த தேர்தல்களில் மக்கள் பழைய கட்சிகளை உதறித் தள்ளி, நாடாளுமன்றத்தின் 225 இடங்களில் 159ஐப் புதியவர்களுக்குக் கொடுத்தார்கள். புதியவர்கள் பதவியேற்ற பிறகும் நிதி நிறுவனத்தின் நிபந்தனைகள் தொடர்ந்தன. ஆட்சியாளரை விரட்டுவது கடினம். வரிக் கணக்கைத் திருத்துவது அதைவிடக் கடினம். இதை நாம் இங்கே இப்போதே உணர்ந்துகொள்ள வேண்டும்.

"போய்விடுவார்கள்" என்ற பூச்சாண்டி

"சலுகை கொடுக்காவிட்டால் கம்பெனிகள் ஆந்திராவுக்குப் போய்விடும், குஜராத்துக்குப் போய்விடும், வேலை கிடைக்காது" என்கிறார்கள். வேலை வேண்டும் என்பதில் நமக்கு யாதொரு மாறுபாடும் இல்லை. இந்தத் தொழிற்சாலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் கம்பெனிகள் வந்தது சலுகைக்காக மட்டுமா? சென்னையிலும் எண்ணூரிலும் துறைமுகம், அம்பத்தூர் காலத்திலிருந்து வளர்ந்த உதிரி பாகத் தொழில், ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் உருவாக்கிய திறமைசாலித் தொழிலாளர்கள், இவை எல்லாம் மக்கள் வரிப் பணத்திலும் உழைப்பிலும் எழுந்தவை. ஹூண்டாயின் கொரியத் தாய்க் கம்பெனி 2024 அக்டோபரில் தன் இந்தியக் கம்பெனியின் 17.5 சதவிகிதப் பங்கை மட்டும் விற்றுச் சுமார் ரூ.27,870 கோடி திரட்டியது. பணம் முழுவதும் விற்ற தாய்க் கம்பெனிக்கே போயிற்று. இந்தியக் கம்பெனிக்கு ஒரு காசும் வரவில்லை. இப்படி விலைபோகும் தொழிலுக்கு மக்களின் வரிப் பணம் முட்டுக்கொடுக்க வேண்டுமா?

மாநிலங்களின் போட்டிக்கும் மருந்து உண்டு. 2021 அக்டோபரில் இந்தியா உட்பட 136 நாடுகள், பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு 15 சதவிகிதத்துக்குக் குறையாத வரி என்று ஒரு தளம் அமைக்க ஒப்புக்கொண்டன. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் ஒரு மேஜையில் உட்கார முடிந்தால், ஒரே நாட்டின் மாநிலங்கள் ஏன் உட்கார முடியாது? 1999ல் உட்கார்ந்தவர்கள்தானே!

நாம் கேட்பது

நாம் வரி கட்ட மறுக்கவில்லை. கணக்குக் கேட்கிறோம்.

கம்பெனிகளோடு செய்த ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் அதன் ஷரத்துகளோடு சட்டசபையின் மேஜையில் வை! வருஷந்தோறும் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று பட்ஜெட்டோடு சேர்த்து வெளியிடு! நிரந்தர வேலைக்கு மட்டுமே சலுகை, காண்ட்ராக்ட் வேலைக்குச் சலுகை இல்லை என்று சட்டம் செய்! சலுகை வாங்கியபின் ஆலையை மூடினால், வாங்கியதைத் திருப்பிக் கட்ட வை. அதில் முதல் பங்கைத் தொழிலாளிக்குக் கொடு! அரிசி, மாவு மீது வரி போட்ட கைகள், பெரும் சொத்தின் மீது மீண்டும் வரி போடட்டும்!

இந்தக் கோரிக்கைகளில் புரட்சிகரமானது எதுவும் இல்லை. மளிகைக் கடைக்காரர் கூட மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து காட்டுகிறார். கோடிக்கணக்கில் வசூலிக்கும் சர்க்கார் காட்டக் கூடாதா?

இனி ஓட்டுக் கேட்டு இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் யார் வந்தாலும், எந்தக் கொடியோடு வந்தாலும், தொழிலாளர்களும் சிறு பட்டறைக்காரர்களும் கிராம மக்களும் ஒன்று சேர்ந்து இந்த ஒரே கேள்வியை அவர்கள் முன் வைக்க வேண்டும்: நாங்கள் கட்டியது இவ்வளவு, நீங்கள் கம்பெனிகளுக்குக் கொடுத்தது எவ்வளவு?