டீசல் டாங்கியில் யூரியா!

நள்ளிரவு. நெடுஞ்சாலையோரத்துப் பெட்ரோல் பங்கில் ஒரு லாரி வந்து நிற்கிறது. டிரைவருக்குக் கண் செருகுகிறது. கிளீனர் பையன் புனலை எடுத்துக்கொண்டு இறங்கி, 20 லிட்டர் பக்கெட்டைச் சாய்க்கிறான். பாதி ஊற்றிய பிறகுதான் தெரிகிறது, ஊற்றியது யூரியா டாங்கியில் அல்ல, டீசல் டாங்கியில் என்று!

நம் நாட்டு லாரிக்காரர்களுக்கு இது புதுத் தொல்லை. 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பி.எஸ்.6 என்னும் புகை விதி நாடு முழுவதும் அமுலுக்கு வந்தது. அதன் பின் வந்த பெரிய டீசல் லாரிகளிலும், சில கார்களிலும், டீசல் டாங்கியைத் தவிர நீல மூடி போட்ட இன்னொரு சிறிய டாங்கி இருக்கிறது. 32.5 சதவிகிதம் யூரியாவும் மீதி உப்பு நீக்கிய சுத்தத் தண்ணீருமான திரவம் அதற்கு உரியது. புகைக்குழாய்ச் சூட்டில் யூரியா அம்மோனியாவாகி, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு நஞ்சை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரவம் தீர்ந்துபோனால் இஞ்சினின் இழுவை தானே குறைந்துவிடும். சரக்கு ஏற்றிய லாரி நடுவழியில் தவழ வேண்டியதுதான். ஆகவே கிடைத்த இடத்தில் வாங்கி, அவசரமாக ஊற்றுகிறார்கள்.

ஒருவழிப் பூட்டு

தவறு நேரும் என்று இதை வகுத்தவர்கள் எண்ணாமல் இல்லை. சர்வதேச விதிப்படி இந்தத் திரவம் போடும் குழாய் முனை 19 மில்லிமீட்டர். டீசல் முனை அதைவிடப் பருமன். யூரியா டாங்கியின் வாயில் அது நுழையாது. ஆனால் மெலிந்த யூரியா முனை டீசல் வாயில் தாராளமாக நுழையுமே! அதைத் தடுக்கக் காந்தப் பூட்டு வைப்பதும் உண்டு. நம்மிடையேயோ பக்கெட்டும் புனலும்தான் அதிகம் புழங்குகின்றன. புனலுக்கு எந்த வாயும் ஒன்றுதானே?

டீசலைவிட யூரியாத் திரவம் கனமானது. அதில் கலக்காமல் நேரே அடியில் போய்த் தங்கும். பம்ப் டீசலை உறிஞ்சுவதும் டாங்கியின் அடியிலிருந்துதான். எனவே கொஞ்சம் விழுந்தாலும் முதலில் பம்புக்குப் போவது அதுவே. பம்புக்கு டீசல்தான் மசகு எண்ணெயும்கூட. அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தால் உலோகம் உராய்ந்து தேயும், துரு ஏறும். நீர் வற்றியதும் யூரியா வெள்ளை உப்பாகப் படிந்து, இன்ஜெக்டரின் நுண்ணிய துவாரங்களை அடைத்துவிடும்.

இந்த நிலையில் டிரைவர் செய்யவேண்டியது, ஒன்றும் செய்யாமலிருப்பது! சாவியைத் திருப்பினாலே பல வண்டிகளில் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். வண்டியைத் தள்ளி நிறுத்தி, டாங்கியைக் காலி செய்து, கழுவி, ஈரமின்றி உலர்த்தி, பில்டரை மாற்றினால் அந்தச் செலவோடு போயிற்று. ஓட்டிப் பார்த்துவிட்டால், பம்ப், இன்ஜெக்டர், குழாய்கள் என்று லட்சக்கணக்கில் போய் நிற்கும். மேலே டீசல் ஊற்றிக் கலக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பவே கூடாது.

மூட்டை யூரியா

எதிர்த்தவறும் உண்டு. விவசாயிக்கு மானிய விலையில் தரும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் மலிவுதானே என்ற சபலம். 2015 முதல் அந்த உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து, புகையைச் சுத்திகரிக்கும் விலையுயர்ந்த பாகத்தைப் பாழாக்கிவிடும். மானிய உரம் வேறு வழியில் போவதைத் தடுப்பதும் அந்தப் பூச்சின் நோக்கங்களில் ஒன்று.

நஷ்டம் யார் தலையில் விழும்? சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸில் இயந்திரக் கோளாறு சேராது. கிளீனர் ஊற்றியிருந்தால் முதலாளிக்கு வேறு போக்கில்லை. பங்க் ஊழியர் ஊற்றியிருந்தால் நஷ்டஈடு கேட்கலாம். அதற்குப் பில் வேண்டும், டாங்கியிலிருந்து வடித்த திரவத்தில் ஒரு புட்டி சாட்சிக்கு வேண்டும். அவசரத்தில் அதையும் சாக்கடையில் கொட்டிவிடுகிறார்கள்.