ஹோம் தியேட்டர் வாங்கப் போறீங்களா? வாட்ஸைப் பாக்காதீங்க, வசனத்தைக் கேளுங்க

1/ "போனஸ் வந்தாச்சு டாக்டர், ஹோம் தியேட்டர் எது வாங்கலாம்?" திருச்சி நண்பர்கள் அடிக்கடி கேக்கற கேள்வி. இதை ஏன் டாக்டர்கிட்ட கேக்கணும்னு தோணலாம். இதுல பாதி காது சம்பந்தப்பட்ட விஷயம். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கைல 15,000 ரூபாதான் இருக்குன்னா 5.1 பக்கமே போகாதீங்க. அந்தக் காசை ஆறு பெட்டிக்குப் பங்கு போட்டா ஒவ்வொண்ணும் சுமாராத்தான் இருக்கும். 5.1-ல வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்லதான் வரும். மலிவு செட்ல அதுதான் ரொம்பச் சோப்ளாங்கி. அதே காசுக்கு நல்லதா ரெண்டே ஸ்பீக்கர் வாங்குங்க. 1939-ல திருச்சி வானொலி நிலையம் வந்தப்புறம் எத்தனையோ வருஷம் வீட்ல எல்லாரும் ஒரே ஸ்பீக்கர்லதானே நாடகம் கேட்டாங்க?

3/ பெட்டி மேல ஆயிரக்கணக்குல "பிஎம்பிஓ" வாட்ஸ் போட்டிருந்தா மயங்காதீங்க. அது விளம்பர எண். பாக்க வேண்டியது ஆர்எம்எஸ். வாட்ஸ் ரெண்டு மடங்கானா சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்கா தெரியணும்னா சுமார் 10 மடங்கு வாட்ஸ் வேணும். சாதாரண ஹாலுக்கு ஸ்பீக்கருக்கு 20-30 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம்.

4/ கடைக்குப் போனா சண்டைக் காட்சி போட்டுக் காட்டுவாங்க. நீங்க செய்தி வாசிக்கறதைப் போடச் சொல்லுங்க, அதுவும் சத்தத்தைக் குறைச்சு வெச்சு. அப்பவும் ஒவ்வொரு சொல்லும் புரிஞ்சா வாங்கலாம். டிவியோட இணைக்க எச்டிஎம்ஐ ஏஆர்சி இருக்கான்னும் பாத்துக்குங்க.

5/ வெக்கற இடம் முக்கியம். ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல 6 அடின்னா, நீங்க உக்கார்ற இடமும் ஒவ்வொண்ணுலேருந்தும் 6-7 அடி இருக்கட்டும். உக்காந்தா காது இருக்கற உயரத்துல ஸ்பீக்கர் இருக்கணும். ஷோகேஸ் உள்ள திணிக்காதீங்க. டைல்ஸ் தரை, வெறும் சுவர்னா எதிரொலி வசனத்தைக் கெடுக்கும். ஒரு பவானி ஜமக்காளம், கனமான திரை போதும். செலவு கம்மி, பலன் அதிகம்.

6/ ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. உத்திர வீதி, சித்திரை வீதி பழைய வீடுகள் பலதும் பக்கத்து வீட்டோட ஒட்டினது. ஊஃபர் "டும்" சுவரைத் தாண்டி அங்க படுத்திருக்கறவங்க நெஞ்சுல இறங்கும். ஊஃபரை மூலைல வெச்சா இன்னும் குமுறும். 2000-ம் வருஷ ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதில ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. செட்டிங்ஸ்ல நைட் மோட் இருந்தா அதைப் போடுங்க. வெடிச்சத்தம் அடங்கும், பேச்சு கேக்கும்.

7/ இப்ப என் துறை. உலக சுகாதார நிறுவனம் சொல்ற பாதுகாப்பான அளவு: 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், 90-ன்னா வெறும் 4 மணி நேரம். உள்காதுல இருக்கற நுண்ணிய மயிர்செல்கள் ஒருதடவை செத்தா திரும்ப முளைக்காது. ஸ்பீக்கரை மாத்தலாம், காதை மாத்த முடியாது.

8/ இதுதான் ரொம்ப முக்கியம். வீட்ல அப்பாவோ பாட்டியோ மட்டும் சத்தத்தை ஏத்திக்கிட்டே போறாங்கன்னா, புது ஸ்பீக்கருக்கு முன்னாடி அவங்க காதைப் பாருங்க. வயசானா முதல்ல குறையறது உச்ச ஒலி. "பேசறது கேக்குது, ஆனா புரியலை"ன்னு சொல்வாங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைல காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போய் ஆடியோகிராம் எடுங்க. "வயசாச்சு, செவிடு"ன்னு கேலி பண்ணா அவங்க பேசறதையே குறைச்சுக்குவாங்க. அதைத் தினமும் ஓபில பாக்கறேன்.

9/ கடைசியா, நல்ல சிஸ்டம்னா எது? ஜன்னல் கண்ணாடி அதிர்றது இல்லை. சத்தத்தை ஏத்தாமலே, "என்னடா சொன்னான் அவன்?"னு வீட்ல யாரும் கேக்க வேண்டியிருக்கக் கூடாது. அவ்வளவுதான்.