அறியாது செய்த நன்மை



விடுமுறைக்குப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்திருந்த நம் பங்கின் கல்லூரி மாணவி ஒருத்தி, ஆங்கிலப் புதினம் ஒன்றை நம்மிடம் தந்து, "சாமி, இதைப் படித்தபின் எனக்கு உறக்கமே வரவில்லை" என்றாள். படித்தோம், நமக்கும் வரவில்லை.

நூலின் பெயர் 'குருவி' என்று பொருள்படும். மேரி டோரியா ரஸ்ஸல் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1996-இல் வெளியிட்டது. வேற்றுலகம் ஒன்றிலிருந்து இனிய பாடல் வானொலி அலைகளில் வந்து எட்டுகிறது. இயேசு சபைக் குருக்கள் நால்வரும் பொதுநிலையினர் நால்வரும் அங்கே பயணமாகின்றனர். ரூனா என்னும் சாதுவான இனத்தாரிடையே தங்கி, அவர்தம் மொழியைக் கற்று, அன்பையும் பெறுகின்றனர். தங்கள் உணவுக்கென ஒரு தோட்டம் போடுகின்றனர். அதைப் பார்த்து ரூனாக்களும் பயிரிடுகின்றனர், வயிறார உண்கின்றனர், குழந்தைகள் பெருகுகின்றன.

ஆனால் அங்கே ஆளும் இனம் வேறு. அது ரூனாக்களை மந்தைபோல் எண்ணி வளர்த்து, அவர்களையே உண்ணும் இனம். அந்த இனிய பாடலும் அவர்களுடையதே! கணக்குக்கு மிஞ்சிய பச்சிளங்குழந்தைகளைக் கொல்லப் படை வருகிறது. முடிவில் எமிலியோ சாண்டோஸ் என்னும் குரு மட்டுமே, சிதைந்த கைகளோடும் நொறுங்கிய விசுவாசத்தோடும் பூமிக்குத் திரும்புகிறார்.

இதில் தீய எண்ணத்தோடு விதைத்தவர் எவருமிலர். நம்மை வாட்டுவது அதுவே.

வேற்றாரிடையே வாழ்வது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1606-இல் மதுரை வந்த இத்தாலியர் இராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்தி, புலால் நீக்கி, தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். 1623-இல் நம் அண்டையிலுள்ள சேலம் வரை வந்தார். அத்தனை கற்றவருடைய வழியும் சாதிப் பிரிவினைக்கு இடந்தந்ததோ என்னும் கேள்வி இன்றும் ஓயவில்லை.

நாமும் குற்றமற்றவர் அல்லோம். பல ஆண்டுகளுக்கு முன் மலையூர் ஒன்றில் சில ஏழைக் குடும்பங்களுக்கு வெள்ளாட்டுக் குட்டிகளை வழங்கி மகிழ்ந்தோம். அவை வளர்ந்து அடுத்தவர் சாமைக் கொல்லையை மேய்ந்தன. உறவினர் இருவர் பகைவராயினர். "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சாமி" என்றார் அவ்வூர் மூதாட்டி ஒருவர். அச்சொல் இன்னும் நம் செவியில் உள்ளது.

நூலின் பெயர் மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை நினைவூட்டுவது. குருவி விழுவதை விண்ணகத் தந்தை அறிவார் என்றார் ஆண்டவர். அது விழவே விழாது என்று கூறவில்லை. நம் தோட்டத்தால் விழும் குருவிக்கு நாமே பொறுப்பு.

அப்படியாயின் உதவாதிருப்போமா? அதுவும் பாவமே. மருமகளுக்கு நன்மை செய்ய விரும்பும் மாமியாரும், மகனுக்குப் படிப்பைத் தெரிந்தெடுக்கும் தந்தையும், ஏழைக்கு ஈயும் பங்கும் முதலில் அவர்களருகே அமர்ந்து கேட்போமாக. கொடுத்தபின் மறுபடியும் சென்று பார்ப்போமாக. தவறியிருப்பின் மன்னிப்புக் கேட்க நாணாதிருப்போமாக.