வீட்டிலேயே ஒரு பரிசோதனை

பரிசோதனை நிலையத்தின் வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சத்தினாலேயே தம் நிலையை அறியாது காலங்கடத்துவோர் எச்.ஐ.வி. விஷயத்தில் உண்டாதலால், ஈறுகளில் ஒரு குச்சியைத் தடவி, அந்நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் வாய்நீரில் உள்ளதா என்பதை 20 நிமிஷத்தில் காட்டும் ஓராகுவிக் சாதனத்தை, 2012 ஜூலையில் வீட்டு உபயோகத்திற்கு அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது கருணை மிக்க காரியமென்றே கருதுகிறேன். (உமிழ்நீரால் இந்நோய் தொற்றுவதில்லை.) ஆயினும் தொற்றுடையோர் 12 பேரில் ஒருவரை அது தவறவிடக்கூடும்; கடந்த 3 மாதங்களுக்குள் நேர்ந்த தொற்று அதற்குப் புலப்படாமற் போகலாம்; ‘உண்டு’ என்று காட்டினாலோ, இரத்தப் பரிசோதனையால் ஊர்ஜிதம் செய்தே ஆகவேண்டும். ஆரம்பத்தில் ஏறக்குறைய 40 டாலராயிருந்த விலை ஏழைகளுக்கு எட்டாதது. உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ல் சுயபரிசோதனையைச் சிபாரிசு செய்துவிட்டதாதலின், இதை இலவசமாகவும், ஆலோசனை கூறும் ஒருவரின் துணையோடும் வழங்குவது அரசாங்கங்களின் கடமை.